கண்டக்டர் அக்காவின் கடைவாய்ப் பல்

கண்டக்டர் அக்கா வாயைத் திறந்தால் போதும், பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்குகிறவன்கூட எழுந்து டிக்கெட் எடுத்துவிடுவான். அந்த வாயில்தான் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, அவளைப் பாடாய்ப் படுத்தியது. பிடுங்கிப் போடலாம்தான். ஆனால் அவள் இதயத்தில் இருப்பது செயற்கை வால்வு. அதில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை. அதைப் போட்டால் காயத்தில் ரத்தம் சட்டென்று நிற்காது.

முதலில் பார்த்த பல் டாக்டர், மாத்திரையின் பேரைக் கேட்டதுமே இதய டாக்டரிடம் போகச் சொன்னார். இதய டாக்டரோ, மாத்திரையை நிறுத்தவே கூடாது, பல்லைப் பல் டாக்டரே பார்க்கட்டும் என்று திருப்பி அனுப்பினார். இவர்கள் உதைத்து விளையாட அவளென்ன பந்தா? மெல்ல முடியாமல் அரைப் பட்டினியோடு டூட்டிக்குப் போய்வந்தாள்.

கடைசியில் இன்னொரு பல் டாக்டர் கிடைத்தாள், சின்னப் பெண். மாத்திரையை நிறுத்தாமலே பிடுங்கலாம், தையல் போட்டுப் பஞ்சை அழுத்திக் கடித்தால் ரத்தம் நின்றுவிடும், அதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றாள்.

பரிசோதனை முடிவைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டாள். ஒரு வேளைகூடத் தவறவில்லை என்று கண்டக்டர் அக்கா சண்டைக்கே போய்விட்டாள். சாப்பாடு முடிந்ததும் புருஷன் கொண்டுவந்து நீட்டுவான், இவள் விழுங்குவாள். இதில் எங்கே தவறும்?

துணிக்கடையில் வேலை பார்க்கும் அந்தப் புருஷன், பக்கத்தில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வாரமா சத்து மாத்திரையைத்தான் மாத்திக் கொடுத்தேன். பல்லு புடுங்குறப்ப ரத்தம் நிக்காம போயிடுமோன்னு பயம்."

பயமாம்! வால்வு அடைத்திருந்தால்? ரத்தக்கட்டி மூளைக்குப் போய்க் கைகால் இழுத்திருந்தால்? டாக்டர் இதையெல்லாம் அவனிடம் நிதானமாகச் சொல்லி, அக்காவை உடனே இதய டாக்டரிடம் அனுப்பினாள்.

"உங்க கையில இருக்கிறது என்னன்னு நான் ஒரு நாளாவது பார்த்திருப்பேனாங்க?" என்று மட்டும் அக்கா புருஷனிடம் கேட்டாள்.

மருந்து மறுபடி சரியாகப் பிடித்த பிறகு பல்லைப் பிடுங்கினார்கள். இரண்டு தையல், கொஞ்சம் பஞ்சு, அவ்வளவுதான். வந்த ரத்தம் ஒரு கைக்குட்டையைக்கூட நனைத்திருக்காது.

அவள் திட்டித் தொலைத்தாலாவது தேவலை என்று புருஷன் தவித்தான். அன்றும் சாப்பாடு முடிந்ததும் தண்ணீரும் மாத்திரையுமாக வந்து நின்றான். அவள் அன்றும் தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டு, டிக்கெட் பையைத் திறந்து, தான் வாங்கி வைத்திருந்த மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்துப் போட்டுக்கொண்டாள்.