சீனி காணுமா?

இறக்காமம் குளத்தைச் சுற்றி நடக்கப் போன காலையில் ஒரு பெரியவர் என்னோடு சேர்ந்துகொண்டார். சாரத்தை உயர்த்திக் கட்டிய பருத்த மனிதர். சீனி வருத்தம் என்கிற நீரிழிவால் ஒரு கால்விரலை எடுத்திருந்தார்கள். தினமும் நடக்கச் சொன்னவர் டொக்டர். ஆனால் குளத்தோர ஊர்களில் அவரைக் கண்டவர்கள் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி தராமல் விடுவதில்லை. வேண்டாமென்றால் மனம் நோகுமாம்.

வீட்டுக்காரர் உள்ளே திரும்பியதும் அவர் தன் கோப்பையை என்னிடம் தள்ளுவார்.

"குடிங்க தம்பி, என்ட காலக் காப்பாத்துங்க."

"வயிறு வெடிக்கப் போகுது சாச்சா!"

"கெம்பஸுக்குப் போற புள்ள, இதுக்குப் பயப்புர்றயா?"

கடைசி ஊரில் ஒரு பெண் எங்களைக் கண்டாள். பேசாமல் உள்ளே போய் இரண்டு கோப்பைகளுடன் வந்து தந்துவிட்டுத் திரும்பினாள். நான் வழக்கம்போல் கை நீட்டினேன். அவர் தரவில்லை, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"சாச்சா, கால்?"

"இவ என்ட தங்கச்சி. வயலுக்குத் தண்ணி பாய்ச்சின சண்டைல என்னோட கதைக்கிறயே இல்ல. இண்டைக்கித்தான் தேத்தண்ணி தாறா."

உள்ளேயிருந்து அண்ணனை அழைக்கும் குரல் வந்தது.

"காக்கா, சீனி காணுமா?"

"காணும் தங்கச்சி, போதும், நல்லாக் காணும்."

அவர் கால் இப்போது எப்படியோ. தேத்தண்ணிக்குச் சீனி போடும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.