ஹமீது நானா விடாத கழி

பா ஹை தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் மகன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். சைகோனின் கான் ஹொய் பேட்டையில் ஹமீது நானாவின் பக்கத்து வீட்டுக்காரி அவள். "உங்க இந்தியாக்காரர் காலையில எழுந்திருக்கல" என்றாள் வியட்நாமிய மொழியில். அவருக்காக வாசலில் வைத்த கஞ்சி ஆறிப்போய் அப்படியே இருக்கிறது என்றும் சொன்னாள்.

பிரான்சிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானாவின் படகில் ஏறி இந்த ஊரை விட்டுத் தப்பிப் போனவர்கள் நீங்கள். உங்களில் ஒருவர்கூட ஜனாஸா அடக்கத்துக்கு வரவில்லையே என்று அன்று முழுக்கக் கோபமாக இருந்தேன். செய்தி சொல்ல உங்கள் முகவரி ஒன்றும் என்னிடம் இல்லை என்பது மறுநாள்தான் உறைத்தது. ஆனாலும் கோபம் போகவில்லை.

நானா காரைக்காலிலிருந்து சைகோனில் இருந்த மாமாவின் ஜவுளிக் கடைக்கு வந்தவர். நானும் காரைக்கால்தான், மாதா கோயில் தெரு கிறிஸ்தவன். அந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்; எனக்கும் அவர் நானாதான். கம்யூனிஸ்டுகளிடம் சைகோன் விழுந்த பிறகு அவர் கடையும் போயிற்று, என் குமாஸ்தா வேலையும் போயிற்று. இருவரும் காய்கறிக் கூட்டுறவின் படகில் வேலைக்குப் போனோம். பெட்ரோல் கண்ணால் பார்க்கக் கிடைக்காத காலம். நீர் வற்றிய கால்வாயில் துடுப்பு சேற்றைத்தான் அள்ளும். நீண்ட மூங்கில் கழியைத் தரையில் ஊன்றி, உடம்பின் பாரத்தை அதன்மேல் சாய்த்துப் படகைத் தள்ள வேண்டும். பிறகு கழியை உருவி மறுபடி ஊன்ற வேண்டும். சேறு கழியைக் கவ்விக்கொண்டால் ஆள் கழியோடு நிற்பான், படகு போய்விடும். முதல் நாளே நானா அப்படித்தான் விழுந்தார். கரையிலிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "துணி கிழிச்ச கை தம்பி, சேறு புதுசு" என்று தானும் சிரித்தார்.

அதன்பிறகு புதிதாக யார் வந்தாலும் முதலில் இதைத்தான் சொல்வார்: "கழி மாட்டுனா கழிய வுட்டுடுங்க. படகத்தான் புடிக்கணும். கழி காட்டுல மொளச்சுக் கெடக்கு."

ஒரு நாள் மனைவி ரஹ்மத்தையும் மகள் நூரையும் அழைத்துக்கொண்டு, கடல் வழியாக நாட்டை விட்டுத் தப்பிக்கக் கிளம்பினார். கூட இரண்டு குடும்பம். யாராவது கேட்டால் உறவுக்காரர் வீட்டுத் திதிச் சாப்பாட்டுக்குப் போகிறோம் என்று சொல்வதற்கு வாழைத்தாரும் ஒரு வாத்தும் படகில் இருந்தன. பட்டப்பகல். நீர் இறங்கும் போக்கில் ஆற்றோடு போய் அலையாத்திக் காட்டு ஓடைக்குள் நுழைந்தார்கள். ஓடை வாயில் கடலுக்குப் போகும் பெரிய படகு காத்திருந்தது. அதை எட்டிவிடும் தூரத்துக்கு வந்தபோது பின்னால் காவல் படகின் எஞ்சின் சத்தம் கேட்டது. நானா முழு பலத்தோடு கழியை ஊன்றினார். சேறு கவ்விக்கொண்டது. கை விடவில்லை. படகு காலடியிலிருந்து நழுவிப் பெரிய படகை நோக்கிப் போயிற்று.

இடுப்புச் சேற்றில் கழியைப் பிடித்தபடி நின்று அவர் பார்த்தார். பெரிய படகில் எல்லோரையும் தூக்கிப் போட்டார்கள். நூர் "வாப்பா" என்று கத்தினாள். யாரோ அவள் வாயைப் பொத்தினார்கள். பெரிய படகு அவருக்காக நிற்காமல் போய்விட்டது.

விறகு வெட்டுகிறவர்கள் அவரைச் சேற்றிலிருந்து இழுத்து, மிதந்து வந்த சிறு படகையும் பிடித்துக் கொடுத்தார்கள். அவர் கான் ஹொய் திரும்பியபோது கரையில் நான் நின்றிருந்தேன். படகில் அவரும் அந்த வாத்தும் மட்டும் இருந்தார்கள். "ஏன் தம்பி வுடல நான்? ஊருக்கெல்லாம் சொல்றேனே, எனக்கு ஏன் கை வரல?" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவர் உங்களைக் கடல் படகு வரை ஏற்றிச் சென்றார். கூடவே வா என்று கூப்பிட்டவர்களிடம் மாட்டேன் என்றார். ரஹ்மத் ஆள் அனுப்பினால் இந்த முகவரிக்குத்தானே அனுப்புவாள் என்பது அவர் கணக்கு. இறக்கிவிடும்போது உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரே பேச்சு: "போய்ச் சேர்ந்ததும் அகதி முகாம்ல விசாரிங்க. ரஹ்மத், நூர், காரைக்கால்." நீங்கள் தலையாட்டினீர்கள். நான் கூடவே இருந்தேன், பார்த்தேன்.

பல வருஷம் கழித்து உங்களில் ஒருவன் திரும்பி வந்து, வெளிநாட்டுக்காரர்கள் குடியிருக்கும் தாவோ தியெனில் வீடு எடுத்துத் தங்கினான். இனிப்புப் பெட்டியோடு நானாவைப் பார்க்க வந்தான். எல்லா முகாமிலும் விசாரித்துவிட்டானாம். "அந்தப் படகு எந்தக் கரைக்கும் போய்ச் சேரல மாமா. அல்லா உங்களயாவது காப்பாத்துனான்" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். "என்னைக் காப்பாத்தச் சொல்லி நான் கேக்கலயே தம்பி" என்றார் நானா. பிறகு அவனுக்குத் தேநீர் போட எழுந்தார்.

அடுத்த மாதம் வெளிநாட்டிலிருந்து வேறொருவர் வந்தபோது, "விசாரிச்சீங்களா?" என்று மறுபடி கேட்டார். மறதி என்று நினைக்காதீர்கள். சாகும்வரை அவருக்கு மறதியே கிடையாது.

குளிப்பாட்டியவர்கள் அவருடைய வலது கையை விரிக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார்கள். கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷமாகவே அந்த விரல்கள் மடங்கித்தான் இருந்தன. மடங்கிய கையோடே அடக்கம் செய்தோம்.

அந்தக் கழியை, தனியே திரும்பிய மறுநாளே நானா போய்ச் சேற்றிலிருந்து பிடுங்கி வந்து கூரைக்கடியில் கட்டி வைத்திருந்தார். துணி உலர்த்தத்தான் பயன்பட்டது. வேறு யாரும் இல்லாததால் அது எனக்கு வந்தது. பூ மி ஹங்கில் மகன் இருக்கும் அடுக்குமாடி லிஃப்டில் அது நுழையவில்லை. "ரெண்டா அறுத்துடலாம்ப்பா" என்றான் மகன். நான் திட்டிய திட்டில் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு படியேறினான். இப்போது அது பால்கனியில் அடங்காமல் கூடத்துக்குள் பாதி நீட்டிக்கொண்டு கிடக்கிறது. மருமகள் தினமும் தடுக்கிக்கொள்கிறாள்.

நீங்கள் சைகோனுக்கு வந்தால் என்னைப் பார்க்க வாருங்கள். அந்தக் கழியைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். நான் கேட்கப்போகும் முதல் கேள்வி உங்களுக்குத் தெரியும்.