நகல்1 = பை1

எங்கள் கேம் சர்வரில் ஒவ்வொருவரின் பொருட்களும் பை1, பை2 என்று தனித்தனிப் பட்டியலாக இருக்கும். ஸ்கிரிப்ட் எழுதுவது நான். அங்கே என் பெயர் தினேஷ்.

இன்று, சர்வரை நடத்தும் திண்டிவனத்துப் பிரபு அண்ணன் நகல் எடுக்க அவரே ஒரு வரி எழுதினார். ஒவ்வொருவரின் எண்ணையும் 'நகல்' என்பதோடு சேர்த்துப் பெயர் உண்டாக்கி, 'நகல்1 = பை1' என்று வைத்துவிட்டார்.

"இது காப்பி இல்லீங்கண்ணா. ஒரே லிஸ்டுக்கு ரெண்டு பேரு, அவ்ளோதான். உள்ள இருக்கறத ஒவ்வொண்ணா எடுத்து வைக்கணும்" என்று சாட்டில் எழுதினேன்.

"எனக்கே கிளாஸ் எடுத்துக்கினு இருக்கியா தம்பி? ஜல்தியா வேற வேலையப் பாரு."

புது ஆட்டத்துக்காகப் பைகளைக் காலி செய்தார். நகல்களும் காலி. எல்லாருடைய மூன்று மாதச் சேமிப்பும் போயிற்று.

உடனே பொதுச் சாட்டில், "தினேஷ்தாம்பா பேஜாரு பண்ணிட்டான். டேய், நாளைக்குள்ள மைக்ல வந்து பதில் சொல்லு. இல்லன்னா உன்ன சர்வர்லேர்ந்து தூக்கிடுவேன்!"

அந்த வரி என்னுடையது இல்லை! ஆனால் வாயைத் திறந்தால் பெண் என்று தெரிந்துவிடும். இங்கே விழுப்புரத்தில் அப்பா காதுக்குப் போனால் கம்ப்யூட்டர் பரணுக்குப் போய்விடும். அவர் பக்கத்து அறையில் தூங்குகிறார்.

தோழிகளே, உங்கள் அண்ணன் யாராவது எனக்காக மைக்கில் பேசுவாரா? ஆண் குரல் இருந்தால் போதும். ஸ்கிரிப்ட் தெரிய வேண்டியதில்லை. பிரபு அண்ணனுக்கே தெரியாதே.