தளர்த்திவிட்டு வந்த கம்பிகள்

மெர்சி, அருள், போனில் என்னைப் பார்த்துவிட்டு, "எங்கப்பா ஜெர்மனியில ஒரு பீரோவக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நிக்கறாரு" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிகிறீர்களாம். அம்மா சொன்னாள். அந்தப் பீரோவைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். லீவுக்கு ஊருக்கு வந்திருந்தபோது நான் ஏன் பேயறைந்தவன் போல இருந்தேன் என்று நீங்கள் கேட்டதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் மெர்சி தம்பிக்கு இன்னொரு முறை படித்துக் காட்டட்டும்.

நான் குடியிருப்பது ஹெல்கா அம்மாவின் வீட்டு மாடியறையில். எண்பதை நெருங்குகிறவர், தனியாக இருக்கிறார். தினமும் காலையில் ஜன்னலோரப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற மேலே வருவார். வந்ததும் மூலையில் உறை போட்டு நிற்கும் அந்த வாத்தியத்தின் தோளில் இரண்டு தட்டுத் தட்டி, "குட்டன் மோர்கன்" என்று காலை வணக்கம் சொல்வார். அதற்குச் சொன்ன பிறகுதான் எனக்கு. ஆயுத பூஜைக்குத் தறிக்குப் பொட்டு வைக்கும் தெருவில் வளர்ந்தவன்தான் நான். ஆனால் வருஷத்துக்கு ஒரு நாள் பொட்டு வைப்பது வேறு, தினமும் ஒரு மரத்தை நலம் விசாரிப்பது வேறு. முதல் வாரம் அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை போர்வைக்குள்ளேயே கிடந்தேன்.

அதன் பெயர் டபுள் பேஸ். வயலினைப் போன்ற உருவம்தான். வயலினைத் தோளில் வைத்துக்கொள்வார்கள். இதன் தோளில் நாம் கை போட வேண்டும், அவ்வளவு உயரம். ஹெல்கா அம்மாவின் வீட்டுக்காரர் வாசித்தது. அவர் இறந்த பிறகு யாரும் தொடவில்லை. அறை கேட்டு நான் வந்தபோது, "தருகிறேன். ஆனால் அது அங்கேயேதான் நிற்கும்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். நெசவு ஆலையில் ஃபிட்டர் வேலைக்கு வந்தவனுக்கு அந்தச் சின்ன ஊரில் வேறு அறை கிடைக்கவில்லை. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் யாரோ உள்ளே காத்திருப்பது போல நிற்கும். லைட்டைப் போட்ட பிறகுதான் காலை உள்ளே வைப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அறையைப் பெருக்கும்போது, பின்னால் படிந்திருந்த தூசியைத் துடைக்க உறையைக் கழற்றினேன். முழங்கை தடித்த கம்பியில் பட்டுவிட்டது. சத்தம் காதில் கேட்டதைவிடக் காலில்தான் அதிகம் கேட்டது. பலகைத் தரை அதிர்ந்தது. கீழே சமையலறையில் பாத்திரம் வைக்கும் ஓசை நின்றது. ஹெல்கா அம்மா மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, "நொக்மால்!" என்றார். திட்டுகிறார் என்றே நினைத்தேன். துணியைக் கீழே போட்டுவிட்டுக் கைகட்டி நின்றேன். அவர் மறுபடியும் "நொக்மால்" என்று சொல்லி, என் விரலைப் பிடித்துக் கம்பியின்மேல் வைத்தார். இன்னொரு முறை என்று அர்த்தமாம். அன்று தொடங்கியது.

ஊர் பேண்டில் வாசிக்கும் யான் என்கிற பஸ் டிரைவரை வரச்சொல்லி எனக்குக் கற்றுக்கொடுக்க வைத்தார். நான்கு கம்பிகள், சைக்கிள் பிரேக் கம்பியைவிடத் தடிமன். இடது கை விரல் நுனியெல்லாம் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப்போனது. விரலால் அழுத்தாதே, கையின் எடையைத் தொங்கவிடு என்பார் யான். வில்லுக்கு ரோஸின் என்கிற பிசின்கட்டியைத் தேய்ப்பது, வாசித்து முடித்ததும் கம்பியிலும் மரத்திலும் படியும் வெள்ளைப்பொடியைக் காய்ந்த துணியால் துடைப்பது, குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது மரம் உலர்ந்து வெடிக்காமல் பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தார். இந்தக் கடைசி விஷயம் எனக்குப் புதிதல்ல. கோடைக்காலத்தில் நூல் அறுகிறதென்று உங்கள் பெரியப்பா தறியடியில் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதைச் சொன்னதும் யான் என் தோளில் தட்டினார். எனக்குப் பெருமையாகிவிட்டது. தறி தெரிந்தவனுக்கு இதுவும் தெரியும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புதான் கெடுத்தது.

உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டுமென்று எத்தனை ஆசையாகப் போனைச் சுவரில் சாய்த்து வைப்பேன். நான் வில்லை இழுப்பேன், நீங்கள் இரண்டு பேரும் திரையில் காதை ஒட்டிக்கொண்டு, "அப்பா, சத்தமே வரல" என்பீர்கள். இதன் அடிக்குரல் போனில் இருக்கும் பொடி ஸ்பீக்கருக்குள் நுழையாது என்று யான் சொன்னார். ஆகவே இத்தனை நாளும் நீங்கள் பார்த்தது, அப்பா ஒரு பீரோவைப் பிடித்துக்கொண்டு சும்மா கையை ஆட்டுவதைத்தான்.

ஊருக்குக் கிளம்பிய காலையில் பெட்டியெல்லாம் கட்டி முடித்த பிறகு, வாத்தியத்துக்கு உறை போடப் போனேன். ஒரு மாதம் ஆளில்லாமல் நிற்கப் போகிறது, இப்படி இழுத்துக் கட்டியபடியேவா விட்டுவிட்டுப் போவது என்று தோன்றியது. தறியை விட்டு எழுகிறவன் இழுத்துக் கட்டிய பாவு நூலைத் தளர்த்திவிட்டுத்தான் எழுவான். என் கைக்கு வேறு பழக்கம் தெரியாது. மேலே இருக்கும் பல்சக்கரச் சாவிகளைத் திருகி ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்தினேன். நான்காவது கம்பி தொய்ந்ததும், கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரப்பாலம் சரிந்து படுத்தது. அதே நேரம் அதன் வயிற்றுக்குள் 'டொக்' என்று ஏதோ விழுந்து உருண்டது. முன்பக்கத் துளை வழியாகப் பார்த்தால் உள்ளே ஒரு மரக்குச்சி கிடந்தது.

எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்தில் தளர்த்தக்கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல அவர்களுக்குத் தோன்றியிருக்காது. தூங்கும்போது மூச்சை நிறுத்திவிடாதே என்று நாம் யாரிடமாவது சொல்கிறோமா?

கீழே ஹெல்கா அம்மா வழிக்கு ரொட்டி கட்டிக்கொண்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று குரல் கொடுத்தார். உறையை மாட்டினேன். படியிறங்கினேன். அவர் முகத்தைப் பார்த்தும் சொல்ல வாய் வரவில்லை. சொல்ல வார்த்தையும் தெரியவில்லை. ரொட்டியை வாங்கிக்கொண்டு ரயிலேறிவிட்டேன். விமானத்தில் கண்ணை மூடினால் அந்த 'டொக்' கேட்டது. நாளைக் காலையில் அந்தம்மா மேலே வருவார், தோளில் தட்டுவார், உள்ளே உருளும். என்ன நினைப்பார்? வெளியூர்க்காரனை நம்பி வீட்டுக்காரரின் பொருளைத் தொடவிட்டேனே, உடைத்துப் போட்டுவிட்டுச் சொல்லாமல் ஓடிவிட்டான் என்றுதானே?

இதை வைத்துக்கொண்டுதான் நான் உங்களோடு இருந்தேன். போன் அடித்தால் உடம்பு தூக்கிப்போடும். சாப்பாட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பேன். அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏனுங்க, போன் அடிச்சா எதுக்கு இப்பிடி வேர்க்குது உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல லீமா."

"ஒண்ணுமில்லாததுக்குத்தான் ரெண்டு வாயோட எந்திரிக்கறீங்களா? அந்த ஊட்டுக்காரம்மாளுக்கு வயசு என்னங்க?"

"எண்பதாகப் போகுது."

"ஆமாமா. நானும் நம்பிட்டேன்."

அம்மாவின் ஊரான ராசிபுரத்துக்குப் போக பஸ் ஸ்டாண்டில் ஏறியது ஞாபகமிருக்கிறதா? முன்னால் இஞ்சின் பெட்டி பக்கத்தில் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பாமல் உறுமிக்கொண்டு நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தரையில் வையுங்கள் என்றேன். உங்கள் உள்ளங்கால் வழியாக அதிர்வு ஏறியது. "இதுதான் சாமி, அப்பா வாசிக்கறது" என்றேன்.

மெர்சி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப டிரைவரண்ணனும் அதத்தான் வாசிக்கறாராப்பா?" என்றாள்.

டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்து, ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தார். "கேட்டுக்க பாப்பா, நம்ம கச்சேரி!" பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே வயிற்றுக்குள் அந்தக் குச்சி உருண்டது, என் வயிற்றுக்குள்.

லீவு முடியச் சில நாள்கள் இருக்கும்போது அம்மாப்பேட்டையில் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். அண்ணன் தன் மாமியார் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தறியிலிருந்து எழுந்து, பாவைத் தளர்த்தினார். விறைப்பாக இருந்த நூலெல்லாம் ஒரே நேரத்தில் தொய்ந்து இறங்கியது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"எதுக்குப் பெரியப்பா லூசாக்கறீங்க?" என்று கேட்டான் அருள்.

"அதுவும் ஒரு சீவன்தானே சாமி. பகலெல்லாம் இழுத்துக் கட்டிக்கிட்டே நின்னா, ஆளில்லாதப்பவாச்சும் காலு நீட்ட வேண்டாமா?"

"வேண்டாண்ணா," என்று கத்தியே விட்டேன். "உள்ள குச்சி விழுந்துரும்ணா!"

எல்லோரும் என்னையே பார்த்தீர்கள். "தறிக்குள்ள என்றா குச்சி?" என்றார் அண்ணன். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. தறிமேட்டில் உட்கார்ந்து, அங்கே கிடந்த அறுந்த நூலொன்றை விரலில் சுற்றிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"இதுக்குத்தானா? போனப் போடுங்க. இப்பவே, என்ற முன்னாலயே போடுங்க."

போட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். என் அரைகுறை ஜெர்மனில், "எல்லாக் கம்பியையும் தளர்த்திவிட்டேன். உள்ளே ஏதோ விழுந்தது. தவறு என்னுடையது" என்றேன். ஹெல்கா அம்மா போனோடு மாடிக்கு ஏறினார். படிக்கட்டு கிரீச்சிடும் சத்தம் கேட்டது. கதவு. உறையின் ஜிப். அப்புறம் அவர் அதை மெல்லச் சாய்த்திருக்க வேண்டும். போனில் தெளிவாக, கடகடவென்று குச்சி உருண்டது.

மெர்சி, நீ குதித்தாய். "அப்பா! கேக்குது! உங்க பேஸ் கேக்குதுப்பா!" அருள் கைதட்டினான். நான் உங்கள் வாயைப் பொத்த வந்தேன். இத்தனை நாளும் அதன் ஒரு சுரம்கூட உங்களை வந்தடையவில்லை; நான் விழவைத்த குச்சி மட்டும் வந்து சேர்ந்தது.

"யார் அது கூச்சல் போடுவது?" என்றார் ஹெல்கா அம்மா.

"என் பிள்ளைகள். மன்னித்துக்கொள்ளுங்கள்."

"ஏன் தளர்த்தினீர்கள்?" என்று கேட்டார்.

"ஆளில்லாதபோது அது ஓய்வெடுக்கட்டும் என்று. எங்கள் ஊரில் அப்படித்தான்."

"ஆஸ்பத்திரிக்குப் போன அன்றுகூட என் வீட்டுக்காரர் அதைத் தளர்த்தவில்லை" என்றார். குரலில் கோபமா வருத்தமா, எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. "அந்தக் குச்சியை அவரே சொல்லி, அவர் காதுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்தச் செய்தார். இம்மி தள்ளி நிறுத்தினாலும் குரல் மாறிவிடும்." கொஞ்சம் பொறுத்து, "முதலில் வீட்டுக்கு வாருங்கள். பிறகு பார்க்கலாம்" என்று வைத்துவிட்டார்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் அம்மா.

"வந்ததும் பாத்துக்கலாங்கறாங்க" என்றேன். 'வீட்டுக்கு' என்று அவர் சொன்னதை விட்டுவிட்டேன். நான் வீட்டில்தானே உட்கார்ந்திருந்தேன், உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில். அதை எப்படி அம்மாவிடம் சொல்வது? அந்த வார்த்தையைக் கேட்டதும் அப்பாடா என்று இருந்தது, அதுதான் எனக்குப் பயமாகவும் இருந்தது. வெளிநாட்டில் இருக்கிற மற்ற அப்பாக்களுக்கு இது விளங்கும்.

நான் திரும்பி வந்த வாரத்தில் பக்கத்து ஊரிலிருந்து வாத்தியம் பழுது பார்ப்பவர் வந்தார். வளைந்த இரும்புக் கம்பியின் நுனியில் அந்தக் குச்சியைக் குத்தி, முன்பக்கத் துளை வழியாக உள்ளே விட்டு, சின்னக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து நிறுத்தினார். இவ்வளவு பெரிய உடம்பைத் தாங்க உள்ளே ஒட்டாமல், ஆணி அடிக்காமல், கம்பிகளின் இழுப்பிலேயே நிற்கும் ஒரே ஒரு குச்சி. முன்பு நின்ற இடத்தில் மரத்தில் மெல்லிய தடம் இருந்ததாம், அங்கேயே வைத்திருப்பதாகச் சொன்னார். ஹெல்கா அம்மா கதவுநிலையில் கை வைத்தபடி நின்றார். என்னை வாசிக்கச் சொன்னார். தடித்த கம்பியை ஒரு இழுப்பு இழுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். "ஃபாஸ்ட்" என்றார். ஏறக்குறைய, என்று அர்த்தம். கீழே போய்விட்டார்.

மறுநாள் காலை அவர் மேலே வரும் சத்தம் கேட்டு, வந்த புதிதில் செய்தது போலப் போர்வைக்குள் கிடந்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். மூலையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு தட்டும் ஓசை, "குட்டன் மோர்கன்." எனக்கும் சொன்னார். எப்போதும் போல இரண்டாவதாகத்தான்.

அவர் போன பிறகு துவைப்பதற்குச் சட்டைகளை எடுத்தேன். பெரியப்பா வீட்டுக்குப் போட்டு வந்த சட்டையின் பையில், அன்று விரலில் சுற்றியிருந்த அந்த அறுந்த நூல் கிடந்தது. அதை எடுத்து, பாலத்துக்குக் கீழே தடித்த கம்பியில் ஒரு முனையை மட்டும் முடிந்து, மறுமுனையைத் தொங்கவிட்டேன். கம்பி விறைப்பாக நின்றது, நூல் தொய்ந்து கிடந்தது. போனில் கேமராவைத் திறந்து சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, உங்களை இன்னும் கூப்பிடாமல், காதுக்கு எட்டாதது உங்கள் கண்ணுக்காவது எட்டுமா என்று வில்லை எடுத்து ஒரு முறை இழுத்துப் பார்த்தேன். நூல் நடுங்கியது, போனின் திரையிலும் தெரிந்தது.