டான்சில் எடுத்த வீட்டில் ஒரு பஞ்சாயத்து

டான்சில் எடுத்து நான் வீட்டுக்கு வந்தபோது, ஒரு வாரம் பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னதில் அதிகம் சந்தோஷப்பட்டவர் என் கணவர். "கல்யாணம் ஆனதுலேந்து எனக்கு இப்பதான் லீவு கிடைச்சிருக்கு" என்று யாரிடமோ போனில் சிரித்தார். எச்சில் விழுங்கினாலே காதுவரை வலித்தது. என்னத்தைப் பதில் சொல்ல?

நாகர்கோவிலில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். என் கணவரின் அக்கா, நான் மைனி என்று கூப்பிடுபவர், முறுக்கோடு வந்தார். தொண்டை புண்ணாகிக் கிடப்பவளுக்கு முறுக்கு! டாக்டர் தின்னச் சொன்ன ஐஸ்கிரீமைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்தது. "இதைத் தின்னுதானே இந்தச் சொகக்கேடு வந்துச்சு?" என்று பிடுங்கி, உருகி வீணாகிவிடும் என்று அவரே சாப்பிட்டார்.

அதோடு விட்டாரா? என் மகளுக்குச் சென்னைச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அந்த வாரத்துக்குள் சேர்ந்தாக வேண்டும். அவளை அனுப்பச் சொல்லி வீட்டில் தொண்டை கிழியக் கத்தியது நான் ஒருத்திதான். இப்போது கத்த ஆளில்லை. என் கட்டிலைச் சுற்றியே பஞ்சாயத்து கூடியது.

"பொட்டப்பிள்ளைய அவ்வளவு தூரத்துல விட்டுட்டு நமக்கு இங்க உறக்கம் வருமா? நாகர்கோயில்ல இல்லாத காலேஜா?" என்றார் மைனி.

"நீ சொன்னா சரிதான்க்கா" என்றார் என் கணவர்.

கதவோரம் நின்ற மகள் என்னையே பார்த்தாள். 'அவள் போகட்டும்' என்று போனில் அடித்து நீட்டினேன்.

"கண்ணாடி எடுத்துட்டு வரல்ல மக்கா" என்று மைனி அதைத் திருப்பித் தந்தார். "பாரு, பெத்தவளே ஒண்ணும் சொல்லல்ல."

எழுந்து உட்கார்ந்தேன். மகளைக் காட்டி, "போவா" என்றேன். மீன்முள் சிக்கியதுபோல் வலித்தது. துப்பிய எச்சிலில் லேசாக ரத்தம்.

"ஐயோ, பேசாதட்டீ!" என்று மைனி அலறினார்.

"அதில்ல, கொஞ்சம் யோசிச்சு..." என்று என் கணவர் இழுத்தார். நான் மறுபடி வாயைத் திறந்தேன்.

"சரி, சரி, போட்டும்! நாளைக்கே நான் கூட்டிட்டுப் போறேன். நீ வாயை மூடு, உனக்குப் புண்ணியமாப் போகும்!" என்று பதறினார் என் கணவர்.

கத்திக் கத்தி ஜெயிக்காத வழக்கு, ஒரு சொல்லில் ஜெயித்தது. இது தெரிந்திருந்தால் டான்சிலை முன்பே எடுத்திருப்பேன்.

மறுநாள் பெட்டியோடு வாசலில் நின்ற மகளின் தலையைத் தடவினேன். பத்திரமாப் போயிட்டு வா மக்கா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாதே!" என்று அப்பாவும் மகளும் சேர்ந்து கத்தினார்கள்.