செங்குன்றம் ஏரியின் கேட்டலினா: ஆரணியில் கிடைத்த பதில்

ஆரணிக்குப் போகிறவர்கள் பட்டு வாங்கப் போவார்கள். 1981 ஜனவரியில் நான் போனது, அப்பா எப்படி இறந்தார் என்று கேட்க. 1944இல், உலகப் போரின்போது, தண்ணீரில் இறங்கும் விமானங்களான பறக்கும் படகுகள் நின்ற செங்குன்றம் ஏரியில், விமானப்படை முகாமில் அவர் படகோட்டி. எனக்கு அப்போது இரண்டு வயது. "குடித்துவிட்டுத் தண்ணீரில் விழுந்தார்" என்று முகாமிலிருந்து செய்தி வந்தது. அம்மா அதை நம்பவுமில்லை, மறுக்கவும் வழியில்லை. அங்கே அப்பாவோடு வேலை செய்த தேவசகாயம் ஆரணியில் இருப்பதாகத் தற்செயலாகத் தெரிந்தது.

பாரிமுனையில் காலை ஆறு மணி பஸ். காஞ்சிபுரம், செய்யாறு வழியாகச் சுமார் 140 கிலோமீட்டர், பத்தரைக்கு இறங்கினேன். தேவசகாயத்தின் வீடு சர்ச்சுக்குப் பக்கத்தில் என்று சொல்லியிருந்தார்கள். சர்ச்சுக்கு வழி கேட்டதற்குக் கண்டக்டர், "நேரா போங்க. தறி சத்தம் கேட்டுகினே வரும், அது நிக்கிற எடம்தான்" என்றார். சரியாக இருந்தது.

அப்பா பெயரைச் சொன்னதும் தேவசகாயம் உட்காரச் சொல்லக்கூட மறந்து நின்றார். பிறகு கேட்டலினா என்ற அந்தப் பறக்கும் படகைப் பற்றியே பேசினார். கேட்டலினாவின் உடம்பு படகு. தண்ணீர் தெறிக்காமலிருக்க இறக்கையும் இரண்டு எஞ்சினும் உடம்புக்கு மேலே ஒரு தூணில் நிற்கும். இறக்கை மிதவைகள் பறக்கும்போது மடங்கி இறக்கையின் நுனியாகிவிடும். வேகம் குறைவு. ஆனால் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க இறங்காமல் வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிகளைத் தேடும். கப்பல் மூழ்கித் தத்தளிப்பவர்களைக் கடலிலேயே இறங்கி ஏற்றிவரும். ரிப்பேரெல்லாம் ஏரியில் மிதக்கும்போதே.

"அன்னிக்கு எஞ்சின்கிட்ட வேல செஞ்சிகினு இருந்தது நான்தாங்க. கால் வழுக்கி வுழுந்துட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. ஒங்கப்பா குதிச்சி என்னைப் படகுல ஏத்திவுட்டாரு. அவரு ஏறுறப்போ விமானம் ஆடி, எறக்கை மிதவை தலையில மோதிச்சு. அவ்ளோதான்."

"குடிச்சிருந்தாரா?"

"ஒரு சொட்டு இல்லீங்க. பழி முகாம் மேல வரக்கூடாதுன்னு அதிகாரி அப்படி எழுதினாரு. வேல போய்டும்னு நான் சாட்சியா கையெழுத்து போட்டுட்டேன்."

எழுந்து வாசல்வரை போய்விட்டேன். திரும்பி, "அம்மாகிட்ட வந்து சொல்வீங்களா?" என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். இரண்டே கால் பஸ்ஸில் இருவரும் சென்னைக்குக் கிளம்பினோம்.

போர் முடிந்ததும் அந்த விமானங்களில் பலவற்றை உடைத்தார்கள், மூழ்கடித்தார்கள். ஏரிக்கரையில் பார்க்க இன்று எதுவும் இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படியொரு கேள்வி இருந்தால், முதலில் ஆட்களைத் தேடிப் போங்கள். கேட்கிறவரும் சொல்கிறவரும் உயிரோடு இருக்கும்போதே போங்கள்.

அன்று இரவு வீட்டில், தேவசகாயம் சொன்ன எல்லாவற்றையும் அம்மா கேட்டு முடித்தார். அழவில்லை.

"அன்னிக்குக் காலையில அவர் சாப்பிட்டாரா?" என்று மட்டும் கேட்டார்.

"சாப்ட்டாரும்மா. என்கூடத்தான்."

அம்மா எழுந்து தேவசகாயத்துக்கு இலை போட்டார்.