கரடிக்குழி

"பூட்டி, அதான் ஒங்க அம்மா, பொறந்த ஊருக்கு அப்ப இருந்த பேரையும் போடணும், இப்ப உள்ள பேரையும் போடணும் தாத்தா," என்றாள் எங்கள் குடும்ப வரலாறு எழுதும் பேத்தி.

"கரடிக்குழி," என்றேன். என் வாயால் அந்தப் பெயரைச் சொல்லி அறுபது வருடமிருக்கும்.

பண்ணைக்காட்டுக்குக் கீழே, பாறையெங்கும் மிளகு காயும் வாசமடிக்கும், நாங்கள் இருந்த சிறு குடியிருப்பு அது. காபித் தோட்டம் வந்ததும் தோட்டத்தின் பெயரே ஊர்ப்பெயராகிவிட்டது. அம்மாவின் நாக்கில் மட்டும் அது ஏறவே இல்லை. நானோ கொடைக்கானல் ஹாஸ்டலில் பண்ணைக்காட்டுக்காரன் என்று சொல்லித் திரிந்தேன்.

ஒருநாள் காலைக் கஞ்சியின்போது வார்டன் கேட்டார்: "ஆஸ்பத்திரியில ஒரு மலைக்காரம்மா நெனவில்லாம கெடக்காங்களாம். முழிச்சா கரடிக்குழின்னு மட்டும் சொல்றாங்களாம். அந்த ஊரு யாருக்காவது தெரியுமாலே?"

"ஏலே, கரடி பெத்த புள்ள எவன்லே?" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா ஊரில்தானே இருக்கிறாள், இது வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

விடுமுறைக்குப் போனபோது அய்யா வாசலிலேயே கேட்டார்: "அம்மாவ எங்கலே? லீவுக்கு ஒன்னயக் கூட்டிட்டு வாரேன்னுதானே போனா?"

கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி ஓடினேன். தேடி யாரும் வராததால் அடக்கம் செய்துவிட்டதாகச் சொன்னார்கள். எங்கே என்று காட்ட ஒருவருமில்லை.

"சரி, அடக்கம் பண்ணின எடம்?" என்கிறாள் பேத்தி.

"தெரியாதும்மா."

"பெத்த அம்மாவப் பொதச்ச எடம் எப்படித் தாத்தா தெரியாமப் போகும்?" என்று நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள்.